ஒரே எண்ணில் ஐந்து கம்ப்யூட்டர்கள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், என் பிரிவில் வேலை பார்த்த இளைஞர்கள் கேண்டீனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், நீங்க வேலைக்கு வந்தப்ப உங்க ஊர்ப்பக்கம் இன்டர்நெட்டே கிடையாதுங்கறீங்க. அப்ப வைரஸ் தடுப்புக்கு அப்டேட் எப்படி வந்துச்சு?" என்று அவர்களில் ஒரு பெண் கேட்டாள்.

"பஸ்ஸில் வந்தது" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன். ஆனால் நான் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. மாதாமாதம் ஒரு ஃபிளாப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, கொல்லிமலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்து அனுப்பப்பட்டது. அனுப்பியவன் நான். அந்த ஃபிளாப்பியைப் பற்றி முழுக்கச் சொன்னால் அவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள், என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் அன்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது எழுதுகிறேன். வேலையை விட்டு வந்த பிறகு வருகிற தைரியத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

1997இல் எனக்கு முப்பத்து மூன்று வயது. ராசிபுரத்தில் பத்து வருடம் டிவி ரிப்பேர் செய்தேன், தபாலில் ஒரு பட்டம் வாங்கினேன், சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். படிப்புக் கதை அவ்வளவுதான். பிறகு சேந்தமங்கலத்தில் சுலைமான் பாய் கடையில் சேர்ந்தேன். பாய் முன்பு ரேடியோவும் ஃபேனும் விற்றவர். ஐம்பது வயதுக்கு மேல் துணிந்து கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கினார். அவருக்குக் கம்ப்யூட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். வாடிக்கையாளர் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு, "இது எனக்குப் புரியல தம்பி, நீங்க சொல்லுங்க" என்பார். என்னை அவர் ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும், எந்தப் பெட்டி வந்தாலும், என்னை எதிரில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும், "இவ்வளவுதானே? விட்டது ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தமிழில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். கூரியர் ரசீதாக இருந்தாலும் இதே சடங்குதான். அவசரமாக இருக்கிற நேரத்தில் எனக்கு எரிச்சலாக வரும்.

1998இல் ஒரு பெரிய ஆர்டர் வருகிற மாதிரி இருந்தது. கொல்லிமலையில் பல சிற்றூர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அங்கே வாழவந்தி நாட்டில் ஒரு தொண்டு நிறுவனம் சிறிய மருத்துவமனை நடத்தி வந்தது. அங்கே ஐந்து கம்ப்யூட்டர்களை வைத்து, கேபிள் போட்டு ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். எங்கள் கடைக்கு அது முதல் நெட்வொர்க். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அவ்வளவு ஆசை. சேலத்துக் கடை ஒன்றும் போட்டிக்கு வந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு நாங்கள் இறங்க வேண்டுமானால், வைரஸ் தடுப்பு மென்பொருளில்தான் கை வைக்க முடியும். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டி, ஒரு உரிம எண் என்பது விதி. ஐந்துக்கு ஐந்து பெட்டி வாங்க வேண்டும்.

ஒரே பெட்டியை வாங்கி ஐந்திலும் போட்டால் என்ன என்று பாயிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"எழுதினவன் எங்கயோ உக்காந்து கண்ணு நோக எழுதியிருப்பான் தம்பி. அவன் நம்ம கண்ணுக்குத் தெரியலங்கறதுக்காக எடுத்துக்கலாமா? அது திருட்டு. ஆர்டர் போனா போகுது" என்றார்.

ஆர்டர் போவதை என்னால் தாங்க முடியவில்லை. சேலத்தில் ஒரே ஒரு பெட்டி வாங்கினேன். கூடவே, என்னோடு படித்த ஒருவனிடம் அதே மென்பொருளின் பூட்டு உடைத்த நகலை ஒரு ஃபிளாப்பியில் வாங்கிக்கொண்டேன். அந்த நகலை எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், எல்லாம் ஒரே எண்ணில் ஓடும். கடைக்கு வந்ததும் பாய் வழக்கம்போல் என்னை உட்கார வைத்துப் பெட்டியைக் கையில் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில், 'ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தது. "ஐந்து கம்ப்யூட்டர் வரைக்கும் போடலாம்னு போட்டிருக்கு பாய். புதுசா வந்த சலுகை" என்று வாசித்தேன். "அப்படியா? நல்லதாப் போச்சு" என்று சந்தோஷப்பட்டார்.

விலை இறங்கியது, ஆர்டர் எங்களுக்கே வந்தது. மானிட்டர்களுக்குத் தன் வீட்டுப் போர்வைகளைச் சுற்றி, பாயே ஜீப்பில் ஏற்றிவிட்டார். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு மேலே போனேன். உண்மையான பெட்டியில் இருந்ததை மேலாளரின் கம்ப்யூட்டரில் போட்டேன். நகலை மற்ற நான்கிலும் போட்டேன்.

அந்த நான்கில் ஒன்று பூங்கொடியுடையது. திண்ணனூர் நாட்டுப் பெண். இருபத்து நான்கு வயது. தன் சிற்றூரிலிருந்து மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மலையில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட வேண்டும், எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் பிரசவம், யாருக்கு என்ன ரத்த வகை என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. ரத்தம் வேண்டுமானால் நாமக்கல்லுக்குத்தான் இறங்க வேண்டும் என்பதால் அந்தப் பட்டியலுக்கு அங்கே பெரிய மரியாதை. ஒருவருக்கு ரத்தம் தேவைப்பட்டால், பக்கத்து ஊரில் யாரைக் கூப்பிடலாம் என்று பூங்கொடி ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

நான் அங்கே சில விதிகளைப் போட்டேன். வெளி ஃபிளாப்பி எதையும் உள்ளே போடக் கூடாது. வேலை முடிந்ததும் பட்டியலை நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க வேண்டும். ஃபிளாப்பியில் நகல் எடுத்தால் ஆபத்து, வேண்டாம். பூங்கொடி இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டார். மாதாமாதம் அப்டேட் ஃபிளாப்பிக்காக பஸ் வரும் நேரத்துக்குச் சாலைக்கு வந்து நிற்பார். ஐந்திலும் போட்டுவிட்டு, "எல்லாத்துலயும் புதுத் தேதி காட்டுதுங்க சார்" என்று போன் செய்வார். ஒரு மாதம் தவறியதில்லை.

1999 ஏப்ரலில் ஒரு நாள் காலை மேலாளர் போன் செய்தார். நான்கு கம்ப்யூட்டர்கள் உயிரே வராமல் கிடக்கின்றன என்றார். அந்த வைரஸைப் பற்றிப் பேப்பரிலும் வந்திருந்தது. மாதக்கணக்கில் சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்து, குறிப்பிட்ட ஒரு தேதியில் எழுந்து எல்லாவற்றையும் அழிக்கிற வகை.

அடுத்த பஸ்ஸில் மேலே போனேன். நான்கு செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் பிழைத்திருந்தது, மேலாளருடையது. அதை இயக்கிப் பதிவுகளைப் பார்த்தேன். வைரஸ் பலமுறை அதற்குள் நுழையப் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டிருக்கிறது. அதைத் தடுத்தது காசு கொடுத்து வாங்கிய பிரதி. நகல் மட்டும் ஏன் தடுக்கவில்லை என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது, பிறகு கடையில் ஓட்டிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். பூட்டை உடைத்தவன் எதையோ வெட்டி எடுத்ததில், நகல் புதுத் தேதியைக் காட்டும், ஆனால் புதிய வைரஸ்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளாது. பத்து மாதமாக பூங்கொடி சாலையில் நின்று வாங்கிப் போட்ட ஃபிளாப்பிகள் நான்கு கம்ப்யூட்டர்களில் வெறும் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தன.

பட்டியலின் இரண்டு பிரதிகளும் போயிருந்தன. ஒன்று அவர் கம்ப்யூட்டரில் இருந்தது, மற்றது பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. இரண்டும் செத்த நான்கில் சேர்த்தி. ஃபிளாப்பியில் நகல் எடுத்திருந்தால் பட்டியல் பிழைத்திருக்கும்.

பூங்கொடி முகம் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். மேலாளர் என்னிடம், "வெளியிலேருந்து ஏதாவது ஃபிளாப்பி போட்டிருப்பாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அந்தப் பெண்ணே தன் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து நீட்டினார்.

"இது எந்தம்பியோடதுங்க சார். வேலைக்கு எழுதுன மனுவப் பிரிண்ட் எடுத்துக் குடுன்னு நாமக்கல்லுல இருந்து கொண்டாந்தான். வெளி ஃபிளாப்பி போடக்கூடாதுன்னு திட்டி, வாங்கி உள்ள வெச்சுட்டனுங்க. போடவே இல்லீங்க. இருந்தாலும் சொல்லிரோணுமில்லீங்களா, அதான்."

யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது அது. ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். கடையில் வைத்துச் சோதித்தேன். சுத்தமாக இருந்தது. உள்ளே ஒன்றரைப் பக்க மனு மட்டும்தான். 'ஐயா, நான் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன்' என்று ஆரம்பித்து, கடைசியில் தங்கராசு என்று பெயர் போட்டிருந்தது. அடுத்து, சேலத்தில் நான் வாங்கிய நகல் ஃபிளாப்பியைச் சோதித்தேன். வைரஸ் அதில் இருந்தது. பூட்டை உடைத்த நிரலோடு ஒட்டிக்கொண்டு, என் சட்டைப்பையில் உட்கார்ந்து, மலையேறிப் போயிருக்கிறது.

தொண்டு நிறுவனத்தின் சென்னைத் தலைமை அலுவலகம் எழுத்தில் அறிக்கை கேட்டது. நான் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம்தான். 'விதிக்கு மாறாக, அனுமதிக்கப்படாத வெளி ஃபிளாப்பி ஒன்று தரவுப் பதிவாளரின் மேசையில் இருந்தது. வைரஸ் அவ்வழியே நுழைந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. மேலாளரின் கம்ப்யூட்டரில் மென்பொருள் சரியாகவே வேலை செய்துள்ளது' என்று இங்கிலீஷில் எழுதினேன். அந்த ஒரு பக்கத்தில் அப்பட்டமான பொய் என்று எதையும் பிரித்துக் காட்டிவிட முடியாது. ஃபிளாப்பி வெளியிலிருந்து வந்தது உண்மை, மேசையில் இருந்ததும் உண்மை. 'கருதப்படுகிறது' என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். பின்னாளில் நூற்றுக்கணக்கான அறிக்கைகள் எழுதி நல்ல பெயர் எடுத்தவன் நான். அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு முதலில் கைவந்தது அந்தப் பக்கத்தில்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

பாய் என்னை எதிரில் உட்கார வைத்தார். வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"இவ்வளவுதானே? விட்டது ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க பாய்."

பேனாவை எடுத்தவர், மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இதுனால அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல தம்பி?" என்றார்.

"சும்மா எச்சரிக்கை பண்ணி விட்டுடுவாங்க பாய்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த மாதம் நான் அனுப்பிய அப்டேட் ஃபிளாப்பி, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. டிரைவர் அதை என் கையில் கொடுத்து, "வாங்கிக்க யாரும் வரலீங்களே. அந்தப் பொண்ண வேலைய விட்டு எடுத்துட்டாங்களாமுங்க. ஃபிளாப்பியக் கொண்டாந்து எல்லாத்தையும் அழிச்சுருச்சுன்னு மலையெல்லாம் பேச்சு" என்றார். செவிலியர்கள் ஊர் ஊராக நடந்து பட்டியலை மறுபடி எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டது, கிடைத்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை. கேட்கப் பயம். அந்த நான்கு கம்ப்யூட்டர்களையும் சரிசெய்து, அவற்றுக்கு என் சம்பளத்தில் உண்மையான பெட்டிகளை வாங்கிப் போட்டேன். அதைச் செய்துவிட்டு, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டு திரிந்தேன்.

2001இல் பெங்களூரில் வேலை கிடைத்தது. நெட்வொர்க் பாதுகாப்பு, அதிலும் பெரிய அலுவலகங்களில் எத்தனை மென்பொருள் ஓடுகிறது, எத்தனைக்கு உரிமம் இருக்கிறது என்று தணிக்கை செய்யும் பிரிவு. அந்த வேலைக்கு என்னை விடப் பொருத்தமானவன் யார்? எந்த இழுப்பறையில் எதை ஒளிப்பார்கள் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பாய் பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது என்று நானே எனக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு ஏறிவிட்டேன். மூன்று வருடம் கழித்து அவர் காலமான செய்தி வந்தது. தான் கையெழுத்துப் போட்டது எதற்கு என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அவர் தெரியாமல் போனதில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

2008 மே விடுமுறையில் மனைவி, பிள்ளைகளோடு கொல்லிமலைக்குப் போனேன். நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை, பிள்ளைகளின் பிடிவாதம். வாசலூர்பட்டிப் படகுத் துறையில் அவர்கள் படகுக்கு வரிசையில் நிற்க, நான் சற்றுத் தள்ளி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. அன்னாசியைக் கீறி மிளகாய்த் தூள் தூவி விற்றுக்கொண்டிருந்த பெண் என்னையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, கம்ப்யூட்டர் சார்ங்களா?"

பூங்கொடிதான். முப்பத்து மூன்று முப்பத்து நான்கு வயதிலேயே காதோரம் நரைத்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நெனச்சேன் சார்! நல்லா இருக்கீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா? இந்தாங்க, தின்னு பாருங்க, காசெல்லாம் வேண்டாமுங்க" என்று ஒரு துண்டை இலையில் வைத்து நீட்டினார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "உங்களப் பாத்தா ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப வருசமா நெனச்சுட்டிருந்தனுங்க. என்னால உங்க கடைக்குக் கெட்ட பேராப் போயிருச்சு. அத்தன சொல்லிக் குடுத்துட்டுப் போனீங்க, நான் ஒழுங்காக் காபந்து பண்ணாம விட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சார்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால், அப்போதும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன், அதற்கெல்லாம் என்னிடம் எப்போதும் வார்த்தை உண்டு. அந்த மன்னிப்பை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மாற்றி வாசித்தது, நகல் போட்டது, வைரஸ் என் ஃபிளாப்பியில் இருந்தது, அறிக்கையில் எழுதியது, எழுதாமல் விட்டது எல்லாம். நடுவில் இரண்டு பேர் அன்னாசி கேட்டு வந்து, கவனிக்க ஆளில்லாமல் திரும்பிப் போனார்கள்.

கேட்டு முடித்ததும் அறைந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாக ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

"அப்ப அந்த ஃபிளாப்பில ஒண்ணுமே இல்லீங்களா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா. நானே சோதிச்சேன். மனு மட்டும்தான் இருந்தது."

"அவன் அதைப் போடலையா?"

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவர் தம்பியைச் சொல்கிறார்.

"நான் போடலைன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா ரிப்போர்ட்டுல அதான் காரணம்னு எழுதியிருக்குன்னு மேனேஜர் சொன்னாருங்க. அப்ப நான் சோத்துக்குப் போன நேரத்துல இவந்தான் எடுத்துப் போட்டிருக்கோணும்னு முடிவு பண்ணிட்டேன். 'சத்தியமா இல்லக்கா, சத்தியமா இல்லக்கா'ன்னு கால்ல விழுந்து அழுதான் சார். 'படிச்சவங்க பொய்யா எழுதுவாங்களாடா'ன்னு வெளக்குமாத்தால அடிச்சுத் தொரத்துனேன். திருப்பூருக்குப் போயிட்டான். அவன் கண்ணாலத்துக்கு வந்து கூப்பிட்டான், கதவத் தொறக்கல. எங்கம்மா செத்ததுக்கு வந்தான், அப்பவும் மூஞ்சியப் பாக்கல."

சொல்லி முடித்தவர் அழவில்லை. வண்டியின் அடித்தட்டில் காசு போடும் டப்பாவுக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்தார். மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தையும் எடுத்தார். அம்மா எழுதி வைத்துவிட்டுப் போன தம்பியின் எண்ணாம், ஒரு தடவைகூட அழைத்ததில்லையாம். இரண்டு முறை தவறாக அழுத்தினார். நான் அழுத்தித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மணி அடித்தது. ஒரு சின்னப் பெண் எடுத்தாள். ஆறேழு வயதுக் குரல்.

"அலோ, யாருங்க?"

பூங்கொடி போனை வாயருகே கொண்டுபோனார். "கண்ணு, அப்பா இருக்காங்களா? நான் கொல்லிமலையில இருந்து உங்க அத்தை பேசறேன் சாமி."

குழந்தை வெகு மரியாதையாகச் சொன்னது:

"எங்கப்பாவுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லீங்களே. நீங்க யாருங்க?"